எண்ணும்போது விடுபட்டவர்கள்: பால்புதுமையராய் வளர்ந்த கதையைச் சிறுகதையாக எழுத ஒரு முழு வழிகாட்டி

பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டில் மாவு பிசைவதற்கு முன்னால் ஆத்தா தலை எண்ணும். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள், கோடித் துணியிலிருந்து உருவிய 21 நூலைச் சேர்த்துத் திரியாக்கி, வெல்ல மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையிலிருந்து ஒவ்வொருவராக வாங்கி எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஓர் இழை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவளுக்கு இரண்டு, ஒன்று வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு.

ஒரு வருடம் நோன்புக்கு என்னோடு இன்னொருவரும் வந்திருந்தார். ஐந்து வருடமாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம், ஊருக்கு மட்டும் அவர் என் ரூம்மேட். ஆத்தா வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றிப் பார்த்து விரலை மடக்கியது. பெரியவர், சின்னவர் எல்லாம் சேர்த்து 14. அப்புறம் ஆச்சி (எங்களில் அக்கா) மகள் வயிற்றில் ஒன்று, ஆக 15. அவர் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். ஆத்தா பொல்லாத மனுஷி கிடையாது, அன்றைக்குக் காலையில் முதல் பணியாரத்தை அவர் இலையில் வைத்ததே ஆத்தாதான். ஆனால் இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் கணக்கில் இடம் இருந்தது, அவருக்கு இல்லை.

அந்த 15ஐ எழுத எனக்கு நாலு வருடம் ஆனது. எழுதிக் கிழித்த எல்லாப் படிகளும் "சமூகம் எங்களை ஏற்கவில்லை" என்கிற மாதிரிதான் தொடங்கின. அந்த வாக்கியம் பொய்யில்லை, ஆனால் அதைப் படிக்கிறவருக்கு எதுவும் கண்ணில் தெரியாது. ஒருநாள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஆத்தாவின் விரலை மட்டும் எழுதினேன், கதை நின்றது. அதற்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பால்புதுமைப் பிள்ளைகள் (ஒருபால் காதலர், திருநர் எல்லாம் அதில் சேர்த்தி) சிலர் தங்கள் கதைகளை எனக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதியதைத்தான் இங்கே சேர்த்து வைக்கிறேன். நான் சொல்லப்போவது ஒன்றேதான்: பொருந்தாமை என்பதை உணர்ச்சியாக எழுதாதீர்கள். யாரோ எதையோ எண்ணுகிற இடத்தைத் தேடுங்கள், அந்தக் கணக்கில் நீங்கள் விடுபடுகிற கணத்தை எழுதுங்கள்.

முதல் படி: கணக்கு எடுங்கள்

கதையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் தினம் இரண்டு நினைவுகள் மட்டும் குறியுங்கள், சின்ன வயதில் உங்கள் முன்னால் யாராவது எதையாவது எண்ணியது, பிரித்தது, வரிசை வைத்தது. பந்தியில் இலை போடுகிறவர் எண்ணியது. பள்ளிக்கூடத்தில் ஆண் வரிசை, பெண் வரிசை. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது இரண்டு தலைவர்களும் மாறி மாறிக் கூப்பிட்டு முடித்த பிறகு நடுவில் மிஞ்சி நின்றது. ரேஷன் கார்டு. கல்யாணப் பத்திரிகையின் அடியில் வரும் பேரன் பேத்திகள் பட்டியல். குடும்பப் போட்டோவில் ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னபோது போட்டோகிராபர் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்?

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டுப் பிள்ளை என்றால் இதில் ஒன்று தவறாமல் வரும். எங்களில் கல்யாணமான ஆண்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எதுவோ, அங்கே கல்யாணம் பதிவாகி, கோயில் மாலை வந்து, அப்புறம்தான் வரி கட்டுகிற புள்ளியாக ஆவீர்கள். 40 வயதானாலும், ஊரில் நாலு பேருக்கு உதவுகிறவராக இருந்தாலும், தனியாள் என்றால் அப்பச்சியின் (அப்பாவின்) புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் ஆள்தான். இதைக் குறையாக எழுதச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை நோட்டைப் புரட்டிக்கொண்டே "தம்பி இன்னும் புள்ளியாகலையா?" என்று கேட்கிற குரலை எழுதுங்கள், அதில் அக்கறைதான் இருக்கும். அந்த அக்கறைதான் கதை.

ஒன்பது என்றதும் இன்னொன்று. எங்களுக்குப் பெருமையான எண் அது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், பிள்ளையார்பட்டி என்று ஒன்பதையும் மூச்சுவிடாமல் சொல்லிக் காட்டினால் ஐயா காசு கொடுப்பார். அதே எண்ணைத்தான் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்கள், நான் நடக்கிற நடைக்காக. ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்தபோது வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். வீட்டில் காசு வாங்கித் தந்த எண், பள்ளியில் அடியாக விழுந்தது. இந்த மாதிரி ஓர் எண், ஒரு சொல், ஒரு பொருள் உங்களுக்கும் கட்டாயம் இருக்கும். இரண்டு இடங்களில் இரண்டு அர்த்தம் கொண்ட ஒன்று. அது கிடைத்துவிட்டால் கதையில் பாதி கிடைத்த மாதிரி, ஆகவே இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் போதாவிட்டால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருநம்பி ஒருவரின் கதை என்றால் பூப்புச் சடங்கைத் தவிர்த்து எழுத முடியாது என்று நினைக்கிறேன். தன்னைப் பையன் என்று அறிந்த ஒரு பிள்ளையைப் பட்டுச்சேலை உடுத்தி உட்கார வைக்கிறார்கள், தாய்மாமன் சீர் வருகிறது, தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் ஏறுகிறது. சடங்கு ஒரே நாளில் முடிந்துவிடும். பேனர் மழையில் நனைந்து ஒரு பக்கம் கிழிகிற வரைக்கும் அங்கேயே தொங்கும், அந்தப் பிள்ளை தினமும் சைக்கிளில் அதற்குக் கீழேதான் பள்ளிக்குப் போக வேண்டும். சடங்கை விட்டுவிட்டு அந்தச் சைக்கிளை எழுதலாம்.

இரண்டாம் படி: வீட்டை வரைந்துகொள்ளுங்கள்

நிஜமாகவே ஒரு தாளில் வரையுங்கள். செட்டிநாட்டு வீடு நீளமானது, முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்பங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெரு வெளிச்சம் வரைக்கும் நேர்கோட்டில் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் கானாடுகாத்தானில் வரிசையாக இருக்கின்றன. இவ்வளவு பெரிய வீட்டில் ஒளிய இடமில்லை என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு ஒன்றாகப் பிரிந்தவை, பூட்டுச் சாவி பெரியவர் இடுப்பில். கல்யாணமானவர்களுக்குத்தான் அறை, உங்களுக்குத் தாழ்வாரப் பத்தியில் பாய்.

வரைந்த படத்தில் மூன்று குறிகள் போடுங்கள். கதைநாயகர் தூங்குகிற இடம். அவர் அழுகிற இடம், இது பெரும்பாலும் கிணற்றடியாகவோ மொட்டை மாடியாகவோ இருக்கும். மூன்றாவது, அந்த இரண்டு இடத்தையும் யார் எங்கிருந்து பார்க்க முடியும் என்பது. மூன்றாவது குறியில்தான் கதையின் இரண்டாவது ஆள் நிற்கிறார். என் கதையில் அது அடுப்பங்கட்டு ஜன்னலில் நின்ற சமையல்கார அக்கா. எல்லாம் பார்த்திருக்கிறது, யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு என்றவுடனே பர்மாத் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் எழுதுகிற பழக்கம் வேண்டாம். அந்தத் தூணைத் துடைத்தவர் வீட்டிலும் பால்புதுமையர் பிறந்தார்கள். கண்டாங்கி நெய்கிற வீடு, கொட்டான் முடைகிற வீடு, ஆத்தங்குடி கல் பட்டறை, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை வாடகை வீடு, இவற்றின் படத்தை வரைந்தால் மூன்று குறியும் இன்னும் நெருங்கி விழும்.

மூன்றாம் படி: எந்த வருடம்?

இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பால்புதுமை வாழ்க்கையில் வருடம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் சட்டமும் சொல்லும் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கின்றன, உங்கள் ஆள் எந்த வருடத்தில் எத்தனை வயது என்பதைப் பொறுத்து அவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளச் சொல் இருக்கும், அல்லது இருக்காது.

ஒரு காலக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1860இல் வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஒருபால் உறவைக் குற்றமாக்கியது. 2009 ஜூலை 2இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் மறுபடி இறுக்கியது. 2014 ஏப்ரல் 15இல் அதே உச்ச நீதிமன்றம் திருநர்களின் அடையாளத்தை உரிமையாக ஒத்துக்கொண்டது. 2018 செப்டம்பர் 6இல் ஒருபால் காதல் குற்றமில்லை என்றானது. 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. தனக்கு இதில் போதிய அறிவில்லை என்று அவரே மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார், பாலீர்ப்பை "மாற்றுகிற" சிகிச்சைக்குத் தடை போட்டார். 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது அந்த வழக்கின் தொடர்ச்சிதான். 2023 அக்டோபர் 17இல் திருமண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பமாகும் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது.

இந்தத் தேதிகளைக் கதைக்குள் கொட்டச் சொல்லவில்லை. 2013 டிசம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு அது அரையாண்டுத் தேர்வு நேரம். டீக்கடையில் பேப்பரை யாரோ உரக்கப் படிக்கிறார்கள், இன்னொருவர் ஒரு வசனம் சொல்கிறார், பையன் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறான். இவ்வளவு போதும், தேதி தானாக உள்ளே வந்துவிடும்.

அதேபோல் 1998இல் நடக்கிற கதையில் ஒரு பெண் தன்னை "தன்பாலீர்ப்பாளர்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள முடியாது. அவளுக்கு அப்போது அந்தச் சொல் கிடையாது. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்பதுதான் இருந்தது. 2005 என்றால் பிரவுசிங் சென்டர், மணிக்கு இவ்வளவு என்று காசு, தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது. 2016க்கு அப்புறம் மலிவான டேட்டா வந்துவிட்டது, போர்வைக்குள் போன் வெளிச்சம். சொல் கிடைக்கிற கணமே ஒரு முழுச் சிறுகதைக்குப் போதுமானது.

இதோடு ஒன்று. ஆங்கிலத்தில் அலமாரியிலிருந்து வெளியே வருவதாகச் சொல்வார்கள், அதைத் தமிழில் அப்படியே பெயர்த்து எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நாங்கள் ஒருவரையொருவர் முதல்முறை சந்திக்கும்போது கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வீட்ல தெரியுமா?" அதற்கு வருகிற பதில்களைக் குறித்து வையுங்கள். "ஆச்சிக்கு மட்டும்." "அம்மாக்குத் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருக்காங்க." "அப்பச்சி போன பிறகு சொல்லலாம்னு." இந்த ஒவ்வொரு பதிலும் ஒரு கதை.

நான்காம் படி: விகுதியில் கவனம்

தமிழில் பால்புதுமைக் கதை எழுதுகிறவர்களுக்கு மொழியே ஒரு பரிசு தந்திருக்கிறது. நான் வந்தேன், நீ வந்தாய் என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அவன் வந்தான், அவள் வந்தாள் என்று எழுதியவுடன் தெரிந்துவிடும். ஆகவே நான்–நீ என்று ஒரு கதை முழுவதையும் பாலே சொல்லாமல் எழுதிவிட முடியும், ஒரு கடிதம் மாதிரி. உங்களுக்கே உங்கள் பால் எதுவென்று தெளியாமல் இருந்த வயதை எழுத இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இதைத் திருப்பமாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். கடைசி வரியில் "அவள்" என்று போட்டு வாசகரை அதிர வைக்கிற கதைகள் எனக்கு நிறைய வருகின்றன. ஒரு மனிதரின் காதலை விடுகதையாக்குவது அது. விடை தெரிந்த பிறகு அந்தக் கதையை யாரும் இரண்டாவது முறை படிக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துப் பேச்சில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆத்தா வந்துச்சு, ஆச்சி சொல்லுச்சு என்று பிரியமான பெண்களுக்கு அஃறிணை விகுதிதான் போடுவோம், சின்னப் பையன்களுக்கும் அப்படித்தான், "தம்பி சாப்பிட்டுச்சா?" அப்புறம் மரியாதைக்கு "அவுக". மருமகனைச் சொன்னால் அவுக. என் ஆத்தா என்னோடு வந்தவரை முதல் இரண்டு வருடம் "அந்தத் தம்பி" என்றது. மூன்றாவது வருடம் போனில், "அவுகளுக்குச் சளி போயிருச்சா?" நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆத்தாவுக்குத் தான் என்ன சொல்லிற்று என்று தெரியுமா, வாய் தவறி வந்ததா, இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டதைக் காட்ட ஒரு பக்க வசனம் எழுதுகிற இடத்தில் இப்படி ஒரு விகுதி போதும்.

திருநர் கதையில் என் கருத்து கறாரானது. திருநம்பி என்றால் கதைசொல்லி முதல் வரியிலிருந்து "அவன்" என்றுதான் சொல்ல வேண்டும், கதையில் அவனுக்கு ஏழு வயதாக இருந்தாலும். தப்பான பெயரும் தப்பான விகுதியும் மற்றவர்களின் வசனத்தில் மட்டும் வரட்டும். அந்த முரண் தானாகவே வலிக்கும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஒரே மாலை, ஒரே இடம்

இப்போதுதான் எழுத உட்கார்கிறோம். முதல் கதைக்கு 1,500 சொல் போதும். ஒரு மாலை, ஓர் இடம், மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவர் கையால் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பேசுகிறவர்கள் தங்கள் மனதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கையில் வேலை இருந்தால் மனம் வேலையில் தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். ஆத்தங்குடி கல் பட்டறை, 19 வயது மலர், அவள் நேசிக்கிற பக்கத்து வீட்டு ஜெயந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முதலில் நான் எழுதக்கூடாது என்று சொல்கிற விதம்:

"ஜெயந்திக்குத் திருமணம் என்று கேட்டதும் மலரின் இதயம் நொறுங்கியது. ஒரு பெண்ணை ஒரு பெண் நேசிப்பதை இந்தச் சமூகம் என்றைக்குப் புரிந்துகொள்ளும் என்று அவள் ஏங்கினாள்."

இப்போது வேலையை உள்ளே விடுவோம். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அடைத்து, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பான முகம். அதுவரைக்கும் கல்லின் முகம் கீழே பார்த்துத்தான் இருக்கும், செய்கிறவருக்கு முதுகுதான் தெரியும். அதை எழுதினால்:

"மலர் கண்ணாடியைத் துடைத்து வைத்தாள். அப்பா அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு, பச்சை, நடுவில் மஞ்சள். 'ஜெயந்திக்குப் பேசி முடிச்சாச்சாம்ல.' மலர் அடுத்த கண்ணாடியை எடுத்தாள். அதில் தூசி இல்லை. துடைத்தாள். 'தேவகோட்டை. மாப்பிள்ளை சிங்கப்பூர்ல இருக்காராம்.' துடைத்தாள். அப்பா அச்சைத் தூக்கியபோது மஞ்சள் ஓர் ஓரத்தில் கசிந்து பச்சைக்குள் போயிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் அதன் மேலேயே மணலைத் தூவினார். 'முகம் கீழதான இருக்கு. கண்ணாடி எடுக்குற அன்னைக்குப் பாத்துக்கலாம்.'"

காதல், பெண், சமூகம் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் தூசியில்லாத கண்ணாடியை இரண்டு முறை துடைத்தது தெரிகிறது. அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் கல்லோடு சேர்ந்து கவிழ்ந்து கிடக்கிறது. சங்கக் கவிஞர்கள் மலையையும் கடலையும் சொல்லி உள்ளே வேறொன்றை வைத்த பழக்கம்தான் இது, நம் கையில் ஏற்கனவே இருப்பது, வேறு எங்கேயும் போய்க் கற்க வேண்டியதில்லை.

வேலையை எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். பட்டறையில் அரை நாள் உட்காருங்கள், அல்லது அம்மா கந்தரப்பத்துக்கு மாவு கரைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தெரியாத வேலையைக் கற்பனையில் எழுதினால் அந்த வேலை செய்கிறவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாம் படி: வெட்டுங்கள்

எழுதியதை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு எடுங்கள். சிவப்புப் பேனாவால் மூன்றைத் தேடி அடியுங்கள். "வலி", "தனிமை", "புறக்கணிப்பு" என்கிற சொற்கள் வருகிற வாக்கியங்கள். வில்லனாக மட்டும் வருகிற அப்பா, அவருக்கு ஒரு நல்ல செயலாவது கொடுங்கள், இல்லாவிட்டால் ஆளையே எடுத்துவிடுங்கள். மூன்றாவது, மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற பத்தி. கட்டுரை எழுத வேண்டுமென்றால் கட்டுரை எழுதுங்கள், அதுவும் தேவைதான், ஆனால் கதைக்குள் வேண்டாம். எனக்கு வருகிற கதைகளில் பாதிக்கு மேல் முதல் பத்தியைத் தூக்கிவிட்டால் தேறிவிடும்.

ஏழாம் படி: முடிவு

கைக்கு எளிதாக வருகிற முடிவுகள் மூன்று: கிணறு, ரயில், கட்டிப்பிடித்தல். அதாவது சாவு, ஊரை விட்டு ஓடுவது, பெற்றோர் மனம் மாறி அழுவது.

கிணற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நம்மைப் பற்றி வந்த கதைகளில் சாவு ஏற்கனவே மிதமிஞ்சி இருக்கிறது, பள்ளத்தூரிலோ புதுவயலிலோ போர்வைக்குள் படிக்கிற 16 வயதுப் பிள்ளைக்கு இன்னொரு சாவைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ரயில் நிஜம்தான், நானும் விடிகாலைப் பல்லவனில் ஏறிச் சென்னைக்குப் போனவன். ஆனால் போனவர்கள் தீபாவளிக்குத் திரும்பி வருகிறார்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறார்கள், நோன்புக்கு வருகிறார்கள். திரும்பி வந்த அந்த மூன்று நாளில்தான் கதை அதிகம். கட்டிப்பிடித்தலைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் அது நடந்திருந்தால் தாராளமாக எழுதுங்கள். நடக்காவிட்டால் ஆசைக்காக எழுத வேண்டாம்.

நான் சொல்கிற வழி: ஒரு செயலின் நடுவில் நிறுத்துங்கள். இழையை வாங்கக் கை நீட்டிய இடத்தில், அச்சைத் தூக்கிய இடத்தில், போனைக் காதிலிருந்து எடுத்த இடத்தில்.

எட்டாம் படி: யாரையும் காட்டிக்கொடுக்காதீர்கள்

இது எழுத்தை விட முக்கியம். உங்கள் கதையில் வருகிற காதலர், தோழி, அந்தச் சமையல்கார அக்கா, இவர்கள் யாரும் உங்களிடம் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. நம் ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தக் கோயில், என்ன விலாசம் (வீட்டைக் குறிக்கும் முதலெழுத்துகள்) என்ற மூன்றையும் வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகளைக் கதையில் அப்படியே போட்டுவிட்டு, பெயரை மாற்றிவிட்டேன் என்று ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார், படித்த உடனே எனக்கே வீடு தெரிந்துவிட்டது. ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், அண்ணனைத் தம்பியாக்குங்கள், நடந்த மாதத்தை நகர்த்துங்கள். ஆளின் சம்மதம் கேட்க முடிந்தால் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கதை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வெளியே விட வேண்டாம்.

நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள், வீட்டுக்குத் தெரியாது என்றால் புனைபெயரில் எழுதுங்கள், வீட்டில் எல்லோரும் தொடுகிற போனிலோ கம்ப்யூட்டரிலோ வைக்காதீர்கள். நோட்டு என்றால் பள்ளி நோட்டின் பின்பக்கம் வேண்டாம்.

வளரும் வயதைத்தான் எழுதுகிறோம், ஆகவே இதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பாலியல் காட்சியில் வைத்து எழுதக் கூடாது. சட்டப்படியும் தப்பு, அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். அந்த வயதின் ஈர்ப்புக்கு அது தேவையும் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் தன் பேனாவை உங்களிடம் விட்டுவிட்டுப் போனதும், அதைத் திருப்பிக் கொடுக்காமல் மை தீரும் வரை நீங்கள் எழுதியதும் போதும்.

பழையதைக் கிளறும்போது சிலருக்கு மூச்சு முட்டும். அப்போது எழுத்தை மூடிவிடுங்கள், கதை எங்கேயும் போய்விடாது. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். உங்களை "மாற்றிவிடுகிறேன்" என்று எந்த மருத்துவராவது சொன்னால் அது தடை செய்யப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: முதல் வாசகர்

ஒருவர் போதும். உங்களைப் பற்றித் தெரிந்தவராக, அதே சமயம் கதையில் வருகிற இடத்தையும் வேலையையும் அறிந்தவராக இருந்தால் நல்லது. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எங்கே நம்ப முடியலை?" என்று கேளுங்கள்.

நான் ஆச்சியிடம் கொடுத்தேன். எனக்கு மூத்த அக்கா, வீட்டில் அதற்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். தாள்களை வாங்கிக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஆனது, நான் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போன ஆட்டையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தது. தூணோரம் நின்றவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, 15ஐப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பக்கத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தது.

"ஆத்தா நெய்ய மொதல்ல ஊத்தாதுடா. மாவுல வெல்லத்தத்தான் மொதல்ல பெசையும், நெய் கடைசில. இத மாத்து."

பேனா எடுத்து அங்கேயே மாற்றினேன்.